சாக்பீஸ் மாடி

லிஃப்ட் மெக்கானிக்குகளைப் பற்றி உலகம் இதுவரை போதிய அளவு யோசித்ததில்லை. லிஃப்ட் ஓடுகிறவரை அப்படி ஒருவர் இருப்பது யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும், அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கட்டடமே கேட்கும். இந்த நிலையில் முப்பத்தொரு வருடம் காலம் தள்ளிய ஒருவரின் வரலாறு இது. கம்பெனியில் அவருக்கு 'ட்ரையல் அண்ணன்' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்த கணக்கர், "இந்த ஆள் வேலைக்கே வர்றதில்லையே" என்று மேலதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டார்.

பெயர் வந்த காரணம் எளிமையானது. பழுது பார்த்து முடித்ததும் லிஃப்டை மூன்று தடவை காலியாக மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார். நாலு மாடியானாலும் மூன்று தடவை, பதினாலு மாடியானாலும் மூன்று தடவை. கீழே ஜனங்கள் பைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"சரியாயிடுச்சு இல்ல, ஏறலாமா?" என்று யாராவது கேட்பார்கள்.

"காலியா ஓடட்டும் சார். காலியா இருக்கறப்பவே கோளாறு பண்றது, ஆள் ஏறினா சும்மா விடுமா?"

இதைச் சொல்லும்போது அவர் லிஃப்டுக்குள்தான் நின்றுகொண்டிருப்பார். தன்னை அவர் ஓர் எடையாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

இந்தத் தொழில் தர்மத்தை அவர் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்திருந்தால் பாதகமில்லை. புதுச் செருப்பைக் கடைக்குள்ளேயே இருபது நிமிடம் போட்டு நடந்து பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறை பெண்ணே கதவைத் திறந்து, "இன்னும் எத்தனை ட்ரிப்பு?" என்று கேட்ட பிறகுதான் அந்தக் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் முடிவு என்று ஏதாவது எடுக்கப்பட்டிருந்தால், அது வீட்டம்மா எடுத்தது. அண்ணன் அதைப் பின்னாலிருந்து சோதித்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு முடிவு மட்டும் இருபத்திரண்டு வருடமாக எடுக்கப்படவில்லை. நாள் ஒன்றுக்கு நூறு மாடி ஏறி இறங்குகிற மனிதரின் சொந்த வீட்டுக்கு மாடி கிடையாது. வீடு கட்டும்போதே, மேலே எழுப்ப உதவும் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டிவிட்டிருந்தார்கள். அவை துருப்பிடித்து, வளைந்து, துணி காயப்போடும் கயிற்றுக்குக் கால்களாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த மாதிரிக் கதையில் வழக்கமாகப் பணம் குறுக்கே வந்து படுக்கும். இங்கே அது படுக்கவில்லை. பணம் இருந்தது. இல்லாதது, 'சரி' என்கிற ஒரு சொல்.

இந்த நிலைமை இன்னும் இருபத்திரண்டு வருடம் சௌகரியமாக நீடித்திருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனதுதான் கெடுத்தது.

வீட்டில் ஒரு ஹால், ஓர் அடுப்படி, ஒரே ஒரு படுக்கையறை. பெரியவர்கள் பெருந்தன்மையாகப் படுக்கையறையைப் புதுத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பீரோ வரவில்லை. அது வர முடியாது. நிலை பொருத்துவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்ட மூன்று கதவுப் பீரோ அது. குடும்பம் முழுவதின் துணிமணி, வீட்டுப் பத்திரம், அண்ணனின் யூனிஃபார்ம், வீட்டம்மாவின் முட்டிவலித் தைலம் எல்லாம் அதற்குள். ஆகவே காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் யூனிஃபார்முக்காகக் கதவைத் தட்டுவார். ஆறேகாலுக்கு வீட்டம்மா தைலத்துக்காகத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டம்மாவின் தம்பி வந்து, சும்மா கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொள்வதற்காகத் தட்டுவார். பெயருக்குத்தான் படுக்கையறை. நடைமுறையில் அது பஸ் ஸ்டாண்டு.

மருமகள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களையெல்லாம், "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் பூராவும் உட்கார வைப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால், உட்காருவதற்கு அவளுக்குக் கட்டில் விளிம்புதான் இருந்தது. அங்கும் யாராவது தட்டினால் எழுந்துகொள்ள வேண்டும். பதினாலு மாதம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகன்தான், ஒரு சாயங்காலம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுத்தான்.

"அப்பா, ஆஸ்பத்திரிப் பக்கத்துல ஒரு ஃப்ளாட் வாடகைக்கு வருது. ஓனர் அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. நீங்க மேல கட்டறதா இருந்தா நாங்க எங்கயும் போகல. கட்டலன்னா..." என்று சொல்லி நிறுத்தி, அம்மாவைப் பார்த்தான்.

அம்மா டிவியைப் பார்த்தார். டிவி அணைத்திருந்தது.

வீட்டம்மாவுக்கு இருந்த ஆசையும் பயமும் ஒன்றேதான். மகன் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே அவர், "கட்டிடலாங்க. இதுல என்ன யோசனை?" என்று அங்கேயே சொல்லிவிட்டார். அண்ணனும், "பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அது கிட்டத்தட்ட அடிக்கல் நாட்டுவதற்குச் சமம்.

மறுநாள் குடும்ப ஆலோசனைக் கூட்டம் கூடியது. வீட்டம்மாவின் தம்பியும் அழைக்கப்பட்டார். அவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். யாருடைய வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பவர்.

"மச்சான், நீங்க முடிவு பண்றதுக்குள்ள டைல்ஸ்ல நாலு டிசைன் பழசாயிடுச்சு. என் கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்களுக்குன்னு எடுத்து வெச்ச கலரை இப்ப பஸ் ஸ்டாண்டு கக்கூசுல ஒட்டறாங்க."

"உன் கடைச் சரக்கைத் தள்ளறதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?" என்றார் அண்ணன்.

"சொந்தக்காரன் சொன்னா சரக்கு. ஊரான் சொன்னா ஆலோசனை. சரி, விடுங்க."

மேஸ்திரி மூலமாக ஒரு வரைபடம் போடப்பட்டது. நீலக் கோடுகளும், அம்புக்குறிகளும், ஒரு மூலையில் வடக்கு என்று ஒரு நட்சத்திரமும் இருந்த அந்தக் காகிதத்தை எல்லோரும் தலை சாய்த்துப் பார்த்தார்கள். மைத்துனர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பாராட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மருமகளுக்கு மட்டும் விளங்கியது. ஒரு கட்டத்தின் மேல் விரல் வைத்து, "இது அடுப்படிதானே மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. பையன் சொன்னான்னு மேஸ்திரி போட்டிருக்காரு."

வீட்டம்மா காகிதத்தை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சத்தமாகத் தரையைத் தொட்டன.

"மேல ரூம் வேணும்னா கட்டுங்க. ரெண்டு கட்டுங்க, மூணு கட்டுங்க," என்றார் கணவரிடம். "அடுப்படி எதுக்கு? கீழ ஒண்ணு இருக்கறது யாருக்கு? மேல ஒரு அடுப்பு எரிஞ்சா அது மாடி இல்லங்க, வேற வீடு."

அண்ணன் நெருக்கடியில் மாட்டினார். அடுப்படியோடு கட்டினால் மனைவிக்கு வருத்தம். அடுப்படி இல்லாமல் கட்டினால் மருமகளுக்கு வருத்தம். கட்டவே இல்லையென்றால் எல்லோருக்கும் வருத்தம், ஃப்ளாட் ஓனரைத் தவிர. இப்படிப்பட்ட சமயங்களில் மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுவார்கள், அல்லது வக்கீலைக் கூப்பிடுவார்கள். அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இரண்டு டப்பா சாக்பீஸும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல், காகிதத்திலிருந்த வீட்டை அப்படியே நிஜ அளவில் சிமெண்டுத் தரையில் வரைந்தார். ஹால் பன்னிரண்டுக்குப் பத்து. படுக்கையறை பதினொன்றுக்குப் பத்து. அடுப்படி எட்டுக்கு ஏழு. ஒரு மூலையில் குளியலறை. கதவு வருகிற இடங்களில் கோட்டை விட்டு, கதவு திறக்கும் வளைவையும் போட்டார். ஜன்னலுக்கு இரட்டைக் கோடு. எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர், "என்ன சார், இந்த வயசுல நொண்டி ஆடப் போறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

சாயங்காலம் குடும்பத்தை மேலே கூட்டிப்போய் அண்ணன் ஒரு சிறு உரை நிகழ்த்தினார்.

"இதான் மாடி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதுல புழங்கிப் பாருங்க. காலியா ஓட்டிப் பாக்கற மாதிரிதான் இதுவும். ஒரே ஒரு கண்டிஷன். கதவு வழியாத்தான் வரணும், போகணும். யாரும் சுவர் வழியா நடக்கக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் மைத்துனர் ஹாலிலிருந்து நேராகக் குளியலறைக்குள் போய்விட்டார்.

"சுவர்ல வந்துட்ட," என்றார் அண்ணன்.

"மச்சான், இது கோடு."

"திரும்பிப் போய்க் கதவு வழியா வா."

அவர் திரும்பிப் போய்க் கதவு வழியாக வந்தார். அந்தக் கணத்திலிருந்து அது வீடாகிவிட்டது.

இந்த உலகத்தில் எல்லையென்று எதைப் போட்டாலும் அதை வைத்துச் சண்டை வரும் என்பதற்குத் தனியாகச் சான்று தேவையில்லை. ஆனாலும் சாக்பீஸ் வீட்டில் குடியேறிய இரண்டாம் நாளே அது கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போட மேலே வந்த வீட்டம்மா, ஈரத் துணி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டே போனதில், அடுப்படியின் இரண்டு சுவர்கள் இடிந்தன. பொருட்சேதம் அதிகம். "துணியிலேர்ந்து தண்ணி சொட்டிடுச்சு" என்று அறிக்கை வெளியானது. தண்ணீர் அவ்வளவு நேர்கோட்டில் சொட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருமகள் பார்த்தாள். கீழே வந்து சாக்பீஸ் எடுத்துப்போய் மறுபடி வரைந்தாள். புதுச் சுவர் பழைய இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி ஹாலுக்குள் வந்திருந்தது. புதன்கிழமை மறுபடி தண்ணீர் சொட்டியது. புதன் சாயங்காலம் அடுப்படி மறுபடி எழும்பியது, இந்தத் தடவை ஒரு மேடையோடும் பாத்திரம் கழுவும் தொட்டியோடும். கீழே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, "சர்க்கரை போதுமா அத்தை?", "போதும்மா" என்று மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். போர் மேலே மட்டும் நடந்தது.

வியாழக்கிழமை அண்ணன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாடாவோடு மாடிக்குப் போனார். படியின் கடைசித் திருப்பத்தில் நின்றுவிட்டார். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மகனும் மருமகளும் சாக்பீஸ் ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடையில் ஒருவர் தன் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடி காணோம் என்று புகார் கொடுத்த கதையை மகன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினாலு மாதத்தில் இந்தச் சத்தத்தை அண்ணன் கேட்டதில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அவருக்குப் புதிது.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். பிறகு வாசல் கோட்டருகே வந்து நின்றார். தட்டுவதற்குக் கதவு இல்லை. தட்டாமல் நுழையவோ, தானே போட்ட சட்டம் தடுத்தது. வேறு வழியில்லாமல் வாயாலேயே, "டொக் டொக்" என்றார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மகன் எழப்போனான். மருமகள் உட்கார்ந்தபடியே, கண்ணில் சிரிப்பு போகாமல், "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"உள்ள வாங்க மாமா. உக்காருங்க."

அண்ணன் கதவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தார். கூச்சமாக இருந்தது. அளவெடுக்க வந்ததை மறந்துவிட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கடையைப் பற்றியே பேசினார்கள்.

வெள்ளியும் சனியும் பூரா வீடும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். மத்தியானத்துக்குள் ஃப்ளாட் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் மகன் போனைக் கையிலேயே வைத்திருந்தான். எல்லோரும் மேலே கூடினார்கள். முட்டிவலிக்காரரான வீட்டம்மாகூட, படிக்கு ஒரு மூச்சாக, கடைசியாக வந்து சேர்ந்தார். மேஸ்திரி சாக்பீஸ் வீட்டைச் சுற்றி வந்தார். ஹாலில் நின்றார். அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் அண்ணன், அடக்கமாக.

"கோடெல்லாம் நல்லா நேரா போட்டிருக்கீங்க சார். சுவரு எங்க?"

"இதான் சுவரு."

"இது கோடு சார். சுவருன்னா வெளிப்பக்கம் முக்கா அடி கனம் இருக்கும். உள்சுவரு அரை அடி. நீங்க கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டுலேர்ந்தே ரூமை அளந்துட்டீங்க. சுவருக்கு இடமே விடல."

மைத்துனர் முதல் ஆளாகச் சிரித்துவிட்டு, அக்கா முறைத்ததும் தரையை ஆராயத் தொடங்கினார்.

தவறு சிறியதுதான். ஆனால் அதை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கால் மட்டும்தான் செய்ய முடியும். முப்பத்தொரு வருடமாக அவர் அளந்ததெல்லாம் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை. சுவர் என்பது வேறு யாரோ எப்போதோ எழுப்பி வைத்துவிட்டுப் போன விஷயம். அதற்கும் ஒரு கனம் உண்டு, அதற்கும் யாராவது இடம் கொடுத்தாக வேண்டும் என்பது அவர் வேலையில் வருவதில்லை.

"ரெண்டு வெளிச்சுவரு, ஒரு நடுச்சுவரு. இந்த வரிசையில மொத்தமா ரெண்டடி போயிடும்," என்றார் மேஸ்திரி. "ஒண்ணு பெட்ரூம்ல கை வைக்கணும், இல்ல அடுப்படியில கை வைக்கணும்."

"இதுல என்ன மேஸ்திரி இருக்கு," என்றார் வீட்டம்மா. ஒரு வாரமாக அந்தக் குரலில் இவ்வளவு உற்சாகம் இல்லை. "அடுப்படியை எடுத்துடுங்க. பெட்ரூம் தாராளமா இருக்கட்டும். பிள்ளைங்க சௌகரியம்தானே முக்கியம்."

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். அவள் மேஸ்திரியிடம்தான் பேசினாள்.

"பெட்ரூம்லேர்ந்து ரெண்டடி எடுத்துக்கோங்க."

"ஒம்பதடிதாம்மா இருக்கும். கட்டில் போட்டா ஒரு பக்கம் சுவத்துல இடிக்கும்."

"இடிச்சா பரவாயில்ல. ஒரு பக்கமா இறங்கிக்கறோம்."

"கட்டில் இடிக்கிற வீட்டுக்கு ஒரு மாடியா? கட்டினா ஒழுங்கா கட்டணும்மா," என்றார் வீட்டம்மா.

மருமகள் சாக்பீஸ் அடுப்படிக்குள் போய் மேடை இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நின்ற விதத்தில் மேடை இருந்தது.

வீட்டம்மா திரும்பிப் படியிறங்கிப் போனார். மகன் போனைப் பார்த்தான். அண்ணன், "மேஸ்திரி, ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

கீழே அடுப்படியில், ஏற்கெனவே நேராக இருந்த டப்பாக்களை வீட்டம்மா நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் இறங்கி வந்துட்ட?"

"முட்டி வலிக்குது."

"ஏறறப்பதானே வலிக்கும்னு சொல்லுவ."

"இப்ப இறங்கறப்பவும் வலிக்குது. டாக்டர்கிட்ட எழுதிக் குடுங்க." ஒரு டப்பாவை எடுத்து அதே இடத்தில் வைத்தார். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? மேல அடுப்பு வந்துட்டா அவன் எப்ப வந்தான், என்ன சாப்பிட்டான்னு எனக்கு என்ன தெரியும்? தலைக்கு மேல காலடிச் சத்தம் மட்டும் கேக்கும். அதுக்கு அவன் ஃப்ளாட்டுக்கே போகலாம்."

"போனா அந்தச் சத்தமும் கேக்காது."

வீட்டம்மா திரும்பவில்லை. அண்ணன் மெல்ல அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டார். மனைவியிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிப் பழக்கமில்லாதவர் அவர். நடுநடுவே நிறுத்தி, ஓடுகிறதா என்று பார்த்துப் பேசினார்.

"எட்டு பேர் லிஃப்ட்டுல ஒம்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். கேட்டிருக்க இல்ல?"

"ஆமா. அதுக்கு?"

"மணி அடிச்சதும் உள்ள இருக்கறவங்க யாரைப் பாப்பாங்க?"

"கடைசியா ஏறினவங்களத்தான்."

"பாதி நேரம் அது ஒல்லியா ஒரு பொண்ணா இருக்கும். அதுக்கு முன்னாடியே நூறு கிலோவுல ரெண்டு பேரு உள்ள நின்னுட்டிருப்பாங்க. அவங்க மேல பாத்துட்டிருப்பாங்க, ஏதோ ஃபேனைப் பாக்கற மாதிரி. ஆனா மணி அந்தப் பொண்ணுக்காக அடிக்கல. உள்ள இருக்கற அத்தனை பேர் எடைக்கும் சேத்துதான் அடிக்குது."

"என்னை நூறு கிலோங்கறீங்க."

"நான் என்னைச் சொன்னேன்."

வீட்டம்மா கையிலெடுத்த அடுத்த டப்பாவை வைத்துவிட்டார்.

"பதினாலு மாசமா அந்தப் பொண்ணு கடைசியா ஏறினவளாவே நின்னுட்டிருக்கா," என்றார் அண்ணன். "வியாழக்கிழமை நான் மேல போனேன். 'உள்ள வாங்க மாமா'ன்னா. இந்த வீட்டுல அவ யாரையாவது உள்ள வாங்கன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? சொல்ல முடியாது. சொல்றதுக்கு அவளுக்குன்னு ஒரு கதவு வேணும்."

"ரூம் கதவு இருக்கே."

"அதுக்குள்ள நம்ம பீரோ இருக்கு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று அண்ணன் நினைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கட்டறதாத்தான் இருக்கேன். அடுப்படியோடதான். நீ கோவிச்சுக்கிட்டாலும் கட்டறதாத்தான் இருக்கேன். ஆனா நீ கோவிச்சுக்கிட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும்."

அவர் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் சொன்ன முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சொல்லிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டார். வீட்டம்மா அவரை முழுசாக ஒரு தடவை பார்த்தார், யாரோ புது ஆள் வந்து நிற்கிற மாதிரி.

"தள்ளுங்க," என்றார்.

படியேறினார். அண்ணன் கை கொடுக்கப் போனதைக் கவனிக்காத மாதிரி, சுவரில் ஒரு கையும் முட்டியில் ஒரு கையுமாக ஏறினார். மேலே வந்ததும் மைத்துனர் ஒரு பக்கமாக ஒதுங்கினார், சுவரில் படாமல். வீட்டம்மா நேராக அடுப்படியை நோக்கிப் போய், கோட்டுக்கு வெளியே நின்றார்.

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "உள்ள வாங்க அத்தை," என்றாள்.

வீட்டம்மா கதவு வழியாக உள்ளே போனார்.

"பெட்ரூமையே சின்னதாக்கிக்கோங்க. இதுல கை வைக்க வேண்டாம்," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் மேல வந்தா என்னை விருந்தாளி மாதிரி ஹாலுல உக்கார வெச்சு, ஒரு காப்பியைக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடக் கூடாது. அது என்னால ஆகாது."

"உங்களை எதுக்கு அத்தை நான் ஹாலுல உக்கார வைக்கறேன்?" என்றாள் மருமகள். "எனக்கு வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியும். அது எப்பவும் நீங்கதான்."

"எனக்கு மட்டும் எரியாதா?"

"எரியும். ரெண்டு பேரா உக்காந்து அழலாம்."

வீட்டம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"அப்படின்னா நான் உக்கார எங்க இடம்? இந்த மூலையில தொட்டியைப் போட்டு வெச்சிருக்க. தண்ணி என் மேல தெறிக்காதா?"

"அந்தப் பக்கம் மாத்திடலாம் அத்தை."

"அந்தப் பக்கம் வெயில்."

"அப்ப நடுவுல."

"நடுவுல யாராவது தொட்டி கட்டுவாங்களா? உங்க வீட்டுல கட்டியிருந்தாங்களா?"

மேஸ்திரி அளவு நாடாவை மடக்கிக்கொண்டு, இது இப்போதைக்கு முடியாது என்று தெரிந்தவராகக் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்தார். மகன் தள்ளிப் போய் ஃப்ளாட் ஓனரிடம் பேசினான். "இல்ல சார், வேண்டாம் சார், மன்னிச்சுக்கோங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தான். மைத்துனர், அடுப்படிச் சுவருக்கு எத்தனை அடி உயரத்துக்கு டைல்ஸ் என்று ஆரம்பித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொட்டி விவகாரம் முக்கால் மணி நேரம் கழித்து, வெயில் தாங்காததால் மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் இறங்கினார்கள். பாதிப் படியில் வீட்டம்மா நின்றார். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று.

"மேஸ்திரி, இந்தப் படிக்கு ஒரு பிடிகம்பி வேணும்."

"அதெல்லாம் வேலையோட வேலையா போட்டுடலாம்மா."

"ரெண்டு பக்கமும் வேணும். நான் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறணும்."

"சரிம்மா. எவ்வளவு உயரத்துல வைக்கறது?"

வீட்டம்மா யோசித்தார். பிறகு கையை நீட்டி, முட்டி பாரத்தைத் தாங்குவதற்குத் தோதான இடத்தில், காற்றின் மேல் வைத்து அழுத்தினார்.

"அப்படியே நில்லுங்க," என்ற மேஸ்திரி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கி வந்து, அந்தக் கைக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டார். வீட்டம்மா அடுத்த படிக்கு இறங்கி மறுபடி கையை வைத்தார். மேஸ்திரி மறுபடி கோடு போட்டார்.